உப்புப் பாலத்தில் குளோரைட்டு ஏன் மறைமுனைப் பக்கம் போகிறது?

கொக்குவில்_மாணவி | வெள்ளி, மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். மின்னிரசாயனத்தில் ஒரே இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

புத்தகத்தில் வாசித்தது போதவில்லை என்று வீட்டிலேயே கல்வானிக் கலம் (இரசாயனத் தாக்கத்தால் மின் தரும் கலம்) ஒன்று செய்தேன். பழைய ரோர்ச் பற்றரியின் கோதை வெட்டி நாகத்தகடு (நாகம் என்றால் துத்தநாகம்) எடுத்தேன். தடித்த செப்புக் கம்பி வீட்டில் இருந்தது. செப்புசல்பேற்றுக்கு மாமாவின் முந்திரிகைத் தோட்டத்து மயில்துத்தம். நாகசல்பேற்றைப் பசளைக் கடையில் வாங்கினேன். இரண்டு முகவைகளையும் இணைக்கும் உப்புப் பாலத்துக்கு வடிதாளை மடித்து, சாப்பாட்டு உப்புக் கரைசலில் நனைத்துப் போட்டேன். மல்ரிமீற்றர் 1.04 வோல்ற்று காட்டியது. தாளைத் தூக்கியதும் எண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடத் தொடங்கின. திரும்ப வைத்ததும் 1.04.

என் சந்தேகம் இரண்டு.

ஒன்று: நாகம் அனோட்டு (இலத்திரனை இழக்கும் முனை), அதாவது மறைமுனை. பாலத்து உப்பிலுள்ள குளோரைட்டும் மறையேற்றம் உள்ளது. பிறகு எப்படிக் குளோரைட்டு நாகத்தின் பக்கம் போகும்? ஒத்த ஏற்றங்கள் தள்ளும் என்றுதானே சின்ன வகுப்பிலிருந்து படித்தோம்?

மற்றது: இப்படி இரண்டு கலங்களைத் தொடராக இணைத்தால் 2 வோல்ற்றுக்கு மேல் காட்டுகிறது. ஆனால் சிவப்பு எல்.ஈ.டி. எரியவே இல்லை. மாற்றிப் பூட்டியும் பார்த்தேன்.

நெல்லியடி_தம்பி | மாலை 7:05

அக்கா, பாலத்தின் வேலை சுற்றைப் பூர்த்தி செய்வது. கடந்தகால வினாத்தாள்களுக்கு அதை எழுதினால் காணும் என்றுதான் நான் படித்தேன். நாகத்திலிருந்து வெளிக்கம்பியால் போன இலத்திரன் பாலத்தால் திரும்பி வருகிறது, வட்டம் முடிகிறது. குளோரைட்டு எங்கே போகிறது என்பது பெரிய விசயம் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் ஒரு தடவை பாலத்துக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை வளைத்து இரண்டு முகவைக்குள்ளும் விட்டேன். அப்போதும் மீற்றர் வாசிப்புக் காட்டியது, பூச்சியம் இல்லை. எனவே கடத்தக்கூடிய எதையும் போடலாம்.

ஓய்வு_ரீச்சர் | இரவு 8:20

பிள்ளை, நீர் கேட்ட முதல் கேள்வியை முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். கேட்காத பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று நான் நம்பியது பிழை என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தம்பிக்கு. இலத்திரன் பாலத்தால் திரும்பி வருவதில்லை. தண்ணீரில் கரைந்த உப்புக்குள் இலத்திரன் தனியாக நீந்தாது. நாகத்தகட்டிலிருந்து புறப்பட்ட இலத்திரனின் பயணம் செப்புத் தகட்டில் முடிகிறது. அங்கே வந்து தொடும் செப்பு அயன் அதை வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கரைசலுக்குள்ளும் பாலத்துக்குள்ளும் நகர்வதெல்லாம் அயன்கள். வினாத்தாளில் "சுற்றைப் பூர்த்தி செய்யும்" என்று மட்டும் எழுதினால், எதனால் பூர்த்தியாகிறது என்று திருத்துபவர் தேடுவார்.

இனிக் குளோரைட்டு. நாகத்தகட்டுக்கு மறைமுனை என்று பெயர் வைத்தது வெளிக்கம்பியின் பக்கம் நின்று பார்க்கிறவர். இலத்திரன் அங்கிருந்து வெளியே தள்ளப்படுகிறது, அதனால் மறை. கரைசலுக்குள் நடுவழியில் நிற்கும் குளோரைட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. அது தன்னைச் சுற்றியுள்ள திரவத்தின் நிலையைத்தான் உணர்கிறது. அந்தத் திரவத்தில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு நாக அணுவும் இரண்டு இலத்திரனைத் தகட்டில் விட்டுவிட்டு, இரண்டு நேரேற்றத்துடன் கரைசலுக்குள் இறங்குகிறது. தகட்டில் விட்ட இலத்திரன்கள் கம்பியால் போய்விடுகின்றன. ஆகவே அந்த முகவையின் திரவத்தில் நேரேற்றம் மிஞ்சுகிறது. மறையேற்றமுள்ள குளோரைட்டு அங்கே இழுபடுவதில் முரண் எதுவும் இல்லை.

மறுபக்கம் செப்பு அயன்கள் தகட்டில் படிந்து திரவத்தை விட்டு வெளியேறுகின்றன. அவற்றோடு சோடியாக இருந்த சல்பேற்று தனித்து நிற்கிறது. அந்தத் திரவம் மறைப் பக்கம் சாய்கிறது. அதனால் பாலத்திலிருந்து பொற்றாசியமோ சோடியமோ அங்கே போகிறது. அன்னயன் (மறை அயன்) அனோட்டுக்கு, கற்றயன் (நேர் அயன்) கதோட்டுக்கு (இங்கே செப்புத் தகடு) என்ற வாய்பாடு கல்வானிக் கலத்திலும் சரி, மின்பகுப்பிலும் சரி மாறாமல் நிற்பது இதனால்தான். மாறுவது முனைகளின் குறி மட்டும்.

பசளைக்கடை_அண்ணா | இரவு 8:52

ரீச்சர், ஒரு கேள்வி. பாலம் இல்லாமல் விட்டால் கலம் கொஞ்ச நேரம் வேலை செய்து பிறகு நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். "கொஞ்ச நேரம்" என்றால் எவ்வளவு? ஒரு நிமிடமா, ஒரு செக்கனா? நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை. படிப்பை விட்டு இருபது வருடமாகியும் மனதில் கிடக்கிறது.

ஓய்வு_ரீச்சர் | இரவு 9:30

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்காகவே பார்ப்போம்.

முகவையை 3 சென்றிமீற்றர் ஆரையுள்ள ஒரு கோளமாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்படித் தனித்து நிற்கும் கோளத்தின் கொள்ளளவம் (ஏற்றத்தைத் தேக்கும் திறன்) ஏறத்தாழ 3.3 பிக்கோபரட்டு. அதன் மின்னழுத்தத்தை ஒரு வோல்ற்றால் உயர்த்த 3.3 பிக்கோகூலோம் ஏற்றம் போதும். ஒரு இலத்திரனின் ஏற்றம் 1.6 × 10⁻¹⁹ கூலோம். வகுத்தால் இரண்டு கோடி இலத்திரன்கள். அதாவது ஒரு கோடி நாக அணுக்கள் கரைந்தாலே கலத்தின் 1.1 வோல்ற்றுக்கு நிகரான எதிர் அழுத்தம் எழுந்து எல்லாம் நின்றுவிடும்.

ஒரு கோடி பெரிய எண்ணாகத் தெரியலாம். 1 மோலார் கரைசலின் ஒரே ஒரு மில்லிலீற்றருக்குள் 6 × 10²⁰ நாக அயன்கள் இருக்கின்றன. அதோடு பார்த்தால் ஒரு கோடி கடற்கரை மணலில் ஒரு மணியை விடவும் குறைவு. எந்தத் தராசும் அதை நிறுக்காது. நேரம் என்று பார்த்தால், ஒரு மில்லியம்பியர் ஓட்டத்தில் இரண்டு கோடி இலத்திரன் கடக்க ஒரு செக்கனின் முப்பது கோடியில் ஒரு பங்கு.

ஆகவே தம்பி, "பாலம் இல்லாவிட்டால் கரைசலில் ஏற்றம் சேர்ந்துகொண்டே போகும்" என்று எழுத வேண்டாம். சேர இடமே இல்லை. சேரத் தொடங்கியதும் தாக்கம் நின்றுவிடும். இரண்டு திரவங்களையும் ஒவ்வொரு கணமும் நடுநிலையாக வைத்திருப்பதுதான் பாலத்தின் வேலை. சுற்றுப் பூர்த்தியாவது அதன் விளைவு. பிள்ளை தாளைத் தூக்கியபோது மீற்றரின் எண்கள் தத்தளித்ததும் இதனால்தான். ஒரு பக்கம் தொடர்பில்லாமல் மிதந்தால் மீற்றர் காற்றிலிருக்கும் மின்புலத்தைத்தான் பிடிக்கும்.

நெல்லியடி_தம்பி | இரவு 9:48

சரி ரீச்சர், இலத்திரன் விசயத்தில் நான் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செப்புக் கம்பி? நான் கண்ணால் பார்த்தேன், மீற்றர் காட்டியது. கம்பிக்குள் அயன் போகாது என்றால் எப்படிக் காட்டியது?

ஓய்வு_ரீச்சர் | இரவு 10:15

பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னீரே, அது நல்லது. நீர் செய்தது இன்னொரு கலம்.

கம்பியின் ஒரு நுனி செப்புசல்பேற்றுக்குள், மறு நுனி நாகசல்பேற்றுக்குள் இருக்கிறது. செப்பு முகவையில் தகட்டில் செப்புப் படிகிறது. அதே முகவையில் கம்பியின் நுனி கரைகிறது. ஒன்று வந்தது, ஒன்று போனது. திரவம் நடுநிலை, வேறு மாற்றமே இல்லை. அந்த முகவையைத் தூக்கி எறிந்தாலும் ஒன்றுதான். நாக முகவையில் தகடு கரைகிறது. கம்பி நுனிக்கு வரும் இலத்திரனை வாங்க அங்கே செப்பு அயன் இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசனும் கொஞ்சம் ஐதரசன் அயனும்தான் வாங்க வேண்டும். ஆக உம்முடைய மீற்றர் காட்டியது ஒரே கரைசலில் நிற்கும் நாகமும் செப்பும் தரும் வாசிப்பு. எலுமிச்சம்பழத்தில் இரண்டு உலோகத்தைக் குத்துகிறோமே, அது மாதிரி.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் மீற்றருக்குச் சமாந்தரமாக 1 கிலோஓம் தடை ஒன்றைப் போட்டுப் பாரும். கம்பி போட்ட கலத்தின் வாசிப்பு விழுந்துவிடும். நல்ல உப்புப் பாலம் போட்ட கலம் தாங்கும்.

பழைய_டைனமோ | இரவு 10:40

வாசித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று எழுதத் தோன்றியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்குப் பற்றரி வருவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைப் பூட்டிச் செய்தி கேட்டோம். செத்த ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காய வைப்போம். அதிலும் உயிர் வராவிட்டால் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம். சில நாளைக்கு மங்கலாக எரியும். ஏன் எரிந்தது என்று அன்றைக்குத் தெரியாது. அதுவும் உப்புப் பாலம்தானா ரீச்சர்?

ஓய்வு_ரீச்சர் | இரவு 11:05

அண்ணை, அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் விடைத்தாள் திருத்தினேன்.

அது உப்புப் பாலம் இல்லை, ஆனால் அயன்களுக்கு வழி விட்டது என்ற வகையில் கிட்டத்தட்ட அதே வேலை. உலர்கலம் 1866 இல் லெக்லாஞ்சே செய்த கலத்தின் வழி வந்தது. நாகக் கோது, நடுவில் காபன் கோல், அதைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டு, இடையில் அமோனியம் குளோரைட்டுப் பசை. பசை காய்ந்தால் அயன்கள் நகர முடியாது. உள்ளே நாகமும் மங்கனீசீரொட்சைட்டும் மிச்சம் இருந்தாலும் கலம் செத்தது போலத்தான். நீங்கள் விட்ட உப்புத் தண்ணீர் அந்த வழியைத் திரும்பத் திறந்தது. கோது ஏற்கெனவே அரித்திருந்ததால் நீண்ட நாள் நிற்கவில்லை.

அந்தக் கலத்துக்கு இரண்டு அறையும் பாலமும் ஏன் தேவைப்படவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். மங்கனீசீரொட்சைட்டு திண்மம். அது இருந்த இடத்தை விட்டு நாகத்திடம் நடந்து போகாது. செப்பு அயன் அப்படியில்லை, கரைந்து திரிவது. நாகத்தையும் செப்புசல்பேற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் செப்பு நேரடியாக நாகத்தின் மேல் படியும். இலத்திரன் கம்பிப் பக்கமே வராது, பாத்திரம் சூடாகும், அவ்வளவுதான். ஆகவே பாலத்துக்கு இரண்டு பொறுப்பு: அயன்களை விட வேண்டும், செப்பு அயன் நாகத்தைத் தொட விடக்கூடாது. ஆங்கில இரசாயனவியலாளர் தானியல் 1836 இல் தன் நாகம்-செப்புக் கலத்தைச் செய்தபோது இந்தத் தடுப்புக்கு மாட்டின் உணவுக்குழாய்ச் சவ்வைத்தான் பயன்படுத்தினார். பிறகு மெருகு பூசாத மண்பாத்திரம் வந்தது. நம் வீடுகளில் சின்ன மண்முட்டி இருந்தால் அதற்குள் நாகசல்பேற்றை விட்டு, அதைச் செப்புசல்பேற்றுக்குள் இறக்கிப் பார்க்கலாம். மண்ணின் நுண்துளைகளே பாலமாக நிற்கும். விளக்கீட்டுச் சிட்டி (சின்ன அகல் விளக்கு) போதாது, ஆழம் இல்லை.

கொக்குவில்_மாணவி | சனி, காலை 5:50

ரீச்சர், காலையில் எழும்பி எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். குளோரைட்டு விசயம் இப்போது படம் மாதிரித் தெரிகிறது. எல்.ஈ.டி. மட்டும் இன்னும் விளங்கவில்லை. 2.08 வோல்ற்று இருக்கிறது. சிவப்பு எல்.ஈ.டி.க்கு 1.8 அளவில் போதும் என்கிறார்கள்.

பசளைக்கடை_அண்ணா | காலை 7:10

தங்கச்சி, இதற்கு நான் சொல்கிறேன், பற்றரி வேலை கொஞ்சம் தெரியும். பிரச்சினை உங்கள் தாள் பாலத்தின் தடை.

டிஜிற்றல் மல்ரிமீற்றரின் உட்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். அது கலத்திடமிருந்து எடுக்கும் ஓட்டம் ஒரு மைக்ரோஅம்பியரில் பத்தில் ஒன்று. அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கு எவ்வளவு மோசமான பாலமும் காணும், அதனால் 1.04 அழகாக வரும். எல்.ஈ.டி. கேட்பது மில்லியம்பியர். 2.08 இலிருந்து 1.8 ஐக் கழித்தால் மிச்சம் 0.28 வோல்ற்று. மெல்லிய தாளில் ஐதான உப்புக் கரைசல் என்றால் ஒரு பாலத்துக்குச் சில ஆயிரம் ஓம் வரும். 3,000 என்று வைத்தால் இரண்டுக்கும் 6,000. 0.28 ஐ 6,000 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு மில்லியம்பியரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

தடித்த பாலம், செறிந்த கரைசல் வேண்டும். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாய் இருக்கிறதே, அதில் ஒரு சாண் வெட்டி யூ வடிவத்தில் வளையுங்கள். உள்ளே பொற்றாசியம் குளோரைட்டை அகர் (கடற்பாசி) கூழோடு ஊற்றினால் பாலத்தின் தடை நூறு ஓம் அளவுக்கு வந்துவிடும். எங்கள் கடையில் வெங்காயத்துக்கு விற்கிற சிவப்பு எம்.ஓ.பி. பசளை பொற்றாசியம் குளோரைட்டுத்தான். நிறம் இரும்பொட்சைட்டால் வந்தது. கரைத்து வடித்தால் தெளிந்துவிடும்.

ரீச்சரிடம் ஒன்று: ஆனையிறவு உப்பளத்துச் சாப்பாட்டு உப்பு பக்கத்திலேயே கிடைக்கும்போது பொற்றாசியம்தான் வேண்டும் என்று ஏன் எல்லாப் புத்தகமும் நிற்கிறது?

ஓய்வு_ரீச்சர் | காலை 8:30

எல்.ஈ.டி. விளக்கம் மிகச் சரி. நானே இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பொற்றாசியம் ஏன்? பாலத்தின் நுனியில் இரண்டு கரைசல்கள் சந்திக்கின்றன. அங்கே ஒரு அயன் மற்றதைவிட வேகமாக ஓடினால் சந்தியில் சின்ன அழுத்தம் ஒன்று பிறந்து வாசிப்போடு கலந்துவிடும். 25 பாகை செல்சியசில் அயன்களின் மோலார்க் கடத்துதிறனை (அயனின் வேகத்தைக் காட்டும் எண்) பாருங்கள்: பொற்றாசியம் 73.5, குளோரைட்டு 76.3, நைத்திரேற்று 71.4, அமோனியம் 73.5. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகம். சோடியம் 50.1 மட்டும்தான். பொற்றாசியமும் குளோரைட்டும் ஒரு நுகத்தில் பூட்டிய சோடி மாடு போல. சோடியத்தோடு பூட்டினால் குளோரைட்டு முன்னுக்கு இழுக்கும். எல்.ஈ.டி. எரிக்க ஆனையிறவு உப்புத் தாராளமாகப் போதும். நியம அழுத்தத்தை மில்லிவோல்ற்று வரை அளக்க வேண்டுமென்றால்தான் பொற்றாசியம்.

குளோரைட்டு ஆகாத இடமும் உண்டு. வெள்ளி நைத்திரேற்று உள்ள அரைக்கலத்தில் (கலத்தின் ஒரு பக்க முகவையில்) பொற்றாசியம் குளோரைட்டுப் பாலத்தை வைத்தால் நுனியிலேயே வெள்ளிக்குளோரைட்டு வெள்ளையாக வீழ்படிந்து வழியை அடைக்கும், வெள்ளி அயனின் செறிவும் குறையும். ஈய நைத்திரேற்றுக்கும் இதே சிக்கல். அங்கே பொற்றாசியம் நைத்திரேற்றோ அமோனியம் நைத்திரேற்றோ போட வேண்டும். பரீட்சையில் இதை அடிக்கடி கேட்பார்கள்.

பிள்ளைக்குச் செய்முறை: 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 3 கிராம் அகரைக் கொதிக்க வைத்து நன்றாகக் கரைத்த பிறகு 30 கிராம் பொற்றாசியம் குளோரைட்டைப் போடும். சூட்டோடு குழாயில் ஊற்றும். காற்றுக்குமிழி ஒன்று குறுக்கே நின்றாலும் பாலம் அறுந்தது மாதிரித்தான், பொறுமையாக ஊற்ற வேண்டும். சமையல் பாத்திரம் வேண்டாம், மயில்துத்தம் நஞ்சு. முடிந்ததும் கரைசலைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு இரண்டு நாள் வைத்தால் செப்பு முழுக்க ஆணியில் படிந்து நீலம் போய்விடும்.

நெல்லியடி_தம்பி | காலை 9:02

1 கிலோஓம் போட்டுப் பார்த்தேன். செப்புக் கம்பிக் கலம் விழுந்துவிட்டது, ரீச்சர் சொன்னபடியே. கம்பியின் ஒரு நுனியையும் சுரண்டிப் பார்த்தேன், செப்பு முகவைக்குள் இருந்த பக்கம் மினுங்குகிறது, மற்றது மங்கல்.

இன்னொரு கேள்வி. பாலத்தில் உள்ள அயன்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் பாலம் வெறுமையாகாதா?

பசளைக்கடை_அண்ணா | காலை 9:40

1 மில்லியம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் 3.6 கூலோம். ஒரு மோல் இலத்திரனின் ஏற்றமான 96,500 ஆல் வகுத்தால் 3.7 × 10⁻⁵ மோல். அந்தக் குழாய்க்குள் 0.04 மோல் பொற்றாசியம் குளோரைட்டு இருக்கும். ஓட்டத்தால் மட்டும் தீர ஆயிரம் மணித்தியாலம் வேண்டும். அதற்கு முன் பரவலால் உப்புத் தானாகவே முகவைகளுக்குள் ஒழுகிவிடும், அதுதான் உண்மையான பிரச்சினை. அதே ஒரு மணித்தியாலத்தில் கரையும் நாகம் 1.2 மில்லிகிராம்.

கொக்குவில்_மாணவி | ஞாயிறு, காலை 6:15

எரிந்தது! நேற்று மாலை கரண்ட் போன நேரம் இரண்டு கலத்தையும் பூட்டினேன். இரண்டும் சேர்ந்து 2.11 வோல்ற்று. எல்.ஈ.டி. சிவப்பாக, அறையின் மூலை வரை தெரிந்தது. அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பாலத்தைத் தூக்கியதும் அணைந்தது, வைத்ததும் எரிந்தது. அம்மம்மா தானும் மூன்று தரம் தூக்கி வைத்துப் பார்த்தா.

எல்.ஈ.டி.யைக் கழற்றிவிட்டுப் பாலங்களை இரவு அப்படியே விட்டுப் படுத்தேன். இப்போது பார்த்தால் செப்புப் பக்கத்து நுனியில் கூழ் பச்சை கலந்த நீலமாக இருக்கிறது. அளந்தேன், ஒரு சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கற்றயன் கதோட்டுப் பக்கம் போக வேண்டும் என்றால் செப்பு அயன் ஏன் பாலத்துக்குள் ஏறியது?

ஓய்வு_ரீச்சர் | காலை 7:00

சந்தோசம் பிள்ளை. அம்மம்மாவுக்கும் சொல்லும்.

எல்.ஈ.டி. கழன்றதும் ஓட்டம் இல்லை. கற்றயனைக் கதோட்டுக்கு இழுத்த காரணமும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது பரவல்: வெளியே செப்பு நிறைய, கூழுக்குள் இல்லை, அதனால் உள்ளே ஏறியது. பத்து மணித்தியாலத்தில் கூழுக்குள் அரை, முக்கால் சென்றிமீற்றர் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். பச்சை சேர்ந்தது, அங்கே செறிந்து கிடக்கும் குளோரைட்டு செப்போடு சிக்கல் அயனாகச் சேர்ந்ததால்.

அந்த நுனியை ஒரு சென்றிமீற்றர் வெட்டிவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். இனிமேல் வேலை முடிந்ததும் பாலங்களைக் கழுவி, பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் உள்ள போத்தலில் போட்டு மூடி வையும். வெளியில் விட்டால் கூழ் காய்ந்து சுருங்கிக் குழாயை விட்டுக் கழன்றுவிடும்.